ஒண்ணா, ரெண்டா

கை நல்லாத்தான் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு மெஷின் வேண்டாம். ஆனால் சந்தைச் சங்கத்துக்காரர்களுக்குத் தாள் வேண்டும். சீல் வைத்து, டாக்டர் கையெழுத்துப் போட்டு, வேலாத்தா, வயது ஐம்பத்து மூன்று, வலது கை உணர்ச்சி சரியாக உள்ளது என்று எழுதின தாள். அதை வாங்கிப் போகத்தான் ஏழரை பஸ்ஸைப் பிடித்து, மகளிடம்கூட மூச்சு விடாமல், கோயம்புத்தூர் வந்து இந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், ஜன்னலே இல்லாத அறையில், ரெக்சின் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறேன். ஏசியை எவ்வளவில் வைத்திருக்கிறார்களோ, கால் விறைக்கிறது. விறைப்பது தெரிகிறதல்லவா, அப்புறம் உணர்ச்சி இல்லை என்று எவன் சொல்வது. கால் தெரிகிறது, முதுகில் ரெக்சின் ஒட்டுவது தெரிகிறது, வலது கை மட்டும், அதுவும் தெரிகிறது, ஏன் தெரியாமல், அங்கேதானே இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். வியாழக்கிழமை சந்தையில் அந்தத் தாளைச் செங்கோடன் மூஞ்சிக்கு நேராக விரித்து, படிய்யா, படிக்கத் தெரியாவிட்டால் ஆள் வைத்துப் படி என்று சொல்ல வேண்டும். மாட்டுச் சந்தையில் இருபத்தாறு வருஷமாகத் தரகு பார்க்கிறவள் நான். எங்கள் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை, பேசினால் பக்கத்தில் நிற்கிறவன் காது நீளும். தரகர் கையும் வாங்குகிறவர் கையும் சேர்ந்த இடத்தில் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். ஆள்காட்டி விரலைப் பிடித்தால் ஒன்று, நடுவிரலையும் சேர்த்தால் இரண்டு, மோதிர விரலும் சேர்ந்தால் மூன்று, சுண்டுவிரல் வரைக்கும் நாலு, மொத்தக் கையும் ஐந்து. பேச்சு முடிந்ததும் தரகர் துண்டை எடுத்து விலையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதுதான் விலை, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. போன வியாழன் ஒரு செவலை மாட்டுக்கு நாற்பதுக்கு மேலே எத்தனை ஆயிரம் என்று, வாங்க வந்த செங்கோடன் என் விரலைப் பிடித்தார். இரண்டு. சத்தியமாக இரண்டு. துண்டை எடுத்து நாற்பத்திரண்டு என்றேன். “ஏனம்மிணி, நான் புடிச்சது ஒண்ணுதானே” என்றார் அந்த மனுஷன், ஒரு கூட்டத்துக்கு நடுவில், ஏதோ டீயில் சர்க்கரை கூடிப்போச்சு என்கிற மாதிரி.

அப்புறம் நான் என்ன பேசினேன் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள், எனக்குத்தான் பாதி ஞாபகம் இல்லை. “யோவ், துண்டை எடுக்கறதுக்குள்ள விரலை மாத்திப்போட்டு ஒண்ணுங்கறயா, வயசுக்கு வெக்கமா இல்லை?” என்றது ஞாபகம் இருக்கிறது. திருட்டுக் கை என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. துண்டை அவர் காலடியில் விசிறினது ஞாபகம் இருக்கிறது. கோபம் வந்தால் எனக்குக் காதுக்குள் நெல்மில் ஓடும், அப்போது என் சத்தமே எனக்குக் கேட்காது. சங்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். இருபத்தாறு வருஷத்தில் துண்டுக்குள்ளே பிடித்ததை எவரும் இல்லை என்று சொன்னது கிடையாது, ஆகவே இரண்டு பேரில் ஒருவர் பொய், பொய் சொன்னவர் இனிமேல் சந்தைக்குள் வரக்கூடாது, அடுத்த வியாழன் தீர்ப்பு என்றார்கள். அதில் ஒருவன், வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “அக்காவுக்குக் கைதான் செரியில்லையோ என்னமோ” என்றான். அந்த வார்த்தைதான் இங்கே கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறது. கை சரியில்லையாம். ரெண்டு மாதமாக ஊக்கு மாட்ட வரவில்லை, அது ஊக்கு மட்டம். பஸ்ஸில் சில்லறை கைதவறுகிறது, அது டிரைவர் போடுகிற பிரேக். போன மாதம் தோசைக்கல்லில் விரல் பட்டுத் தோல் கருகின வாசனை வந்த பிறகுதான் பார்த்தேன், அது அவசரம். விடியக்காலம் எழுந்து கையை உதறு உதறென்று உதறுவது, அது வயசு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறேன், எல்லாம் நல்ல காரணம், தனித்தனியாகப் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. சேர்த்துப் பார்க்காதே. எதற்குச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாடு வாங்க வருகிறவனிடம் நான் செய்கிறதும் அதைத்தானே, பல்லைத் தனியாகக் காட்டுவேன், மடியைத் தனியாகக் காட்டுவேன், நடையைத் தனியாகக் காட்டுவேன், மொத்த மாட்டைத் தள்ளி நின்று பார்க்க விடமாட்டேன்.

மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் பெயர் மெர்லின். நாற்பது வயது இருக்கும், கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது, பேச்சில் நாகர்கோவில் இழுவை. விரலில் மோதிரம் மாதிரி இரண்டு வளையத்தை மாட்டி, மணிக்கட்டில் பசை தடவி ஒட்டி, “சின்னதா ஷாக் மாதிரி இருக்கும், பயப்படாதீங்கம்மா” என்றாள். “பயப்படறனா? மோட்டார் ரூம்ல கரண்ட் அடிச்சு எந்திரிச்சு வந்தவ நானு, நீ போடு” என்றேன். போட்டாள். என் கட்டைவிரல் துள்ளியது. நான் துள்ளச் சொல்லவில்லை. மறுபடி போட்டாள், மறுபடி துள்ளியது, அறுத்த கோழியின் கால் மாதிரி. என் விரல், ஐம்பத்து மூன்று வருஷம் நான் சோறு போட்டு வளர்த்த விரல், எவளோ ஒருத்தி பட்டனைத் தட்டினால் ஆடுகிறது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதுவரை நான் ஆட்டினேன் என்று நினைத்ததும் இப்படித்தானோ, எங்கேயோ உச்சியில் ஒருத்தி உட்கார்ந்து தட்டுகிறாளோ, அவளுக்குத்தான் வேலாத்தா என்று பெயரோ. இந்தக் கையை வைத்து நான் என்னவெல்லாம் செய்திருக்கிறேன். இருபத்தேழு வயதில் தாலியில்லாத கழுத்தோடு சந்தையில் மாட்டுக் கயிறு விற்றுக்கொண்டிருந்தவள், ஒரு நாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் தரகு பார்க்கிறேன் என்று நின்றேன். சிரித்தார்கள். பொம்பளை கையைப் பிடித்து எப்படி விலை பேசுவது, வீட்டில் சொன்னால் சோறு கிடைக்குமா என்றார்கள். ஒருத்தன் முன்னால் வந்தான், வெள்ளை வேட்டி, தங்கச் செயின், வாங்கம்மிணி நான் பேசறேன் என்று. துண்டுக்குள்ளே கையை விட்டதும் விரலைப் பிடிக்கவில்லை, என் உள்ளங்கையைச் சுரண்டினான். ஒரு தடவை. இரண்டு தடவை. துண்டுக்கு வெளியே அவன் முகம் கோயில் குருக்கள் மாதிரி இருந்தது. நானும் முகத்தை மாற்றவில்லை, சிரித்துக்கொண்டே அவன் ஆள்காட்டி விரலை எடுத்துப் பின்பக்கமாக வளைத்தேன், வளைத்துக்கொண்டே போனேன், உள்ளே டக்கென்று ஒரு சத்தம், அது என் காதுக்குக் கேட்கவில்லை, என் விரலுக்குத்தான் கேட்டது. துண்டுக்குள் நடந்தது துண்டுக்குள்ளேயே இருக்கும் என்பது வழக்கம், அவன் கத்தவும் முடியாது, கையை இழுக்கவும் முடியாது. நான் துண்டை எடுத்து, விலை படியலைங்க என்றேன். அன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்ட விரல் இது. இதற்கா உணர்ச்சி இல்லை.

“எவ்வளவு?” என்றேன். “எதும்மா?” “அதுல ஏதோ நம்பர் வருதே.” மெர்லின் திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினாள். விரலில் இருந்து கிளம்புகிற சேதி நரம்பு வழியாக மணிக்கட்டைத் தாண்டி மேலே போகிற வேகமாம் அது. செகண்டுக்கு இருபத்தொன்பது மீட்டர். “எவ்வளவு இருக்கோணும்?” “ஐம்பதுக்கு மேல.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஆனால் முகத்தில் காட்டுவேனா. “செரி, நாப்பத்தெட்டுன்னு போட்டுக்க” என்றேன். அவள் சிரித்துவிட்டாள், காலையில் இருந்து சிரிக்காத முகம். “இது சந்தையில்லம்மா.” “எல்லாம் சந்தைதான் கண்ணு. உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், நாப்பத்தஞ்சு.” “நீங்க எவ்வளவு பேசினாலும் மெஷின் இறங்கி வராது.” “எறங்கச் சொல்லலியே, ஏறத்தானே சொல்றேன்.” பேசிக்கொண்டே நடுவிரலுக்கு வளையத்தை மாற்றினாள், பட்டனைத் தட்டினாள், இன்னும் கூட்டித் தட்டினாள். திரையில் கோடு ஓடியது. மேடு வரவேண்டிய இடத்தில் மேடு வரவில்லை, அறுவடை முடிந்த வயல் மாதிரி சமமாகப் போனது. இதற்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நரம்புக்கு மேலே ஒயருக்கு இருக்கிற மாதிரி ஒரு உறை இருக்கிறதாம், அந்த உறைதான் சேதியைத் தாவித் தாவி ஓட வைக்கிறதாம், மணிக்கட்டில் ஒரு சந்து வழியாக அது நுழைகிற இடத்தில் வீங்கி நெருக்கி நெருக்கித் தேய்ந்துபோகுமாம். கயிறு இழுக்கிற வேலை, பால் கறக்கிற வேலை செய்கிறவர்களுக்கு வரும் என்றாள். இரண்டும்தான் செய்தேன், வேறு என்ன செய்யச் சொல்கிறாய், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என் மகளுக்கு யார் சோறு போடுவது. ஐம்பது மீட்டர். விரலில் இருந்து தலைக்கு ஒரு மீட்டர் வைத்துக்கொள், அப்படியென்றால் நல்ல கைக்கே ஒரு செகண்டை ஐம்பதாகப் பிரித்தால் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அப்படியானால் நான் தொட்டது எதுவும் தொட்ட அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்ததில்லை. குழந்தையைத் தொட்டது, என் வீட்டுக்காரர் செத்த பிறகு அவர் நெற்றியைத் தொட்டது, எல்லாம் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. எல்லோருக்கும் எல்லாமே பழைய சேதிதான். அப்புறம் எனக்கு இன்னும் கொஞ்சம் பிந்துகிறது, அவ்வளவுதானே, பிந்தினால் என்ன, வந்து சேர்ந்தால் போதாதா. வந்து சேர்கிறதா. அந்த நடுவிரல் கோடு. அதை நினைக்காதே.

“கண்ணை மூடிக்கோங்க” என்றாள். காம்பஸ் மாதிரி இரண்டு முனை உள்ள ஒரு சாமானை வைத்து விரல் நுனியைத் தொடுவாளாம், ஒரு முனை பட்டால் ஒண்ணு, இரண்டு முனை பட்டால் ரெண்டு, படாவிட்டால் இல்லை என்று சொல்ல வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அடிப் பாவி, இது என் தொழில். இதற்குத்தான் இருபத்தாறு வருஷம் கூலி வாங்கினேன். வா, வந்து தொடு. முதலில் சுண்டுவிரல். ஒண்ணு. ரெண்டு. இல்லை. ஒண்ணு. எல்லாம் சரி என்றாள், தெரியுமே எனக்கு. அடுத்தது ஆள்காட்டி விரல். ஒண்ணு. ரெண்டு. சொல்லும்போதே போன வியாழன் வந்துவிட்டது, துண்டுக்குள்ளே அந்தச் செங்கோடன் கை, அவருக்குக் கை எப்போதும் சூடு, மெதுவாக வந்து விரலைச் சுற்றினது, ரெண்டு. அந்தச் செவலை மாட்டுக்காரி நொடித்துப்போன குடும்பத்துக்காக விற்கிறவள், நாற்பத்திரண்டுக்குக் குறையாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன், ரெண்டு வந்துவிட்டது என்று உள்ளே ஒரு குளிர்ச்சி. ரெண்டு என்றேன் மெர்லினிடம். ரெண்டு. செங்கோடன் பொய் சொல்கிற ஆள் இல்லை என்பதுதான் தொண்டையில் நிற்கிறது, தன் மாட்டையே விற்க வந்தபோது வாங்க வந்தவனைக் கூப்பிட்டு, இதுக்கு ஒரு காம்புல பால் வராது தம்பி, பாத்துக்க என்று சொன்ன மனுஷன். ரெண்டு. மறுபடியும் ரெண்டு. ஒண்ணு. மெர்லின் கேட்டாள், “நல்லாத் தெரியுதாம்மா?” “நல்லாத் தெரியுது. இப்ப ரெண்டு. கொஞ்சம் அழுத்தியே வெக்கறே.” “கண்ணைத் திறங்க.” திறந்தேன். அந்தச் சாமான் தட்டில் கிடந்தது. அவள் இரண்டு கையும் மடியில் இருந்தன. “கடைசி ஆறு தடவை நான் தொடவே இல்லம்மா” என்றாள், மெதுவாக. “எடுத்துப்போட்டே. நான் கண்ணத் தொறக்கறதுக்குள்ள எடுத்துப்போட்டே நீ. இங்கயும் திருட்டுக் கையா?” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன், ஒட்டியிருந்த ஒயரெல்லாம் பிய்ந்து தொங்கின, காதுக்குள் நெல்மில் ஓடுகிறது. கத்தி முடித்த பிறகுதான் என் வார்த்தை எனக்கே பிந்தி வந்து சேர்ந்தது. போன வியாழன் சொன்ன அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை.

மெர்லின் கோபப்படவில்லை, தினமும் எத்தனை பேரைப் பார்க்கிறாளோ. “கண்ணைத் திறந்துகிட்டே பாருங்க” என்று மறுபடி விரலை எடுத்து வைத்தாள். இரண்டு முனையும் தோலில் அமுங்குவதைப் பார்த்தேன், பார்க்கும்போது தெரிந்தது, இரண்டு, கூர்மையாக, வலிக்கக்கூடச் செய்தது. தலையைத் திருப்பினேன், போய்விட்டது. பார்த்தேன், இருந்தது. திருப்பினேன், இல்லை. விளக்கை அணைத்துப் போடுகிற மாதிரி. அப்படியானால் இந்த ரெண்டு மாதமாகக் கண்தான் கைக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது, தலை அதை வாங்கிக் கையின் பெயரில் எழுதியிருக்கிறது. துண்டுக்குள்ளே கண் போகாது. அங்கே தலைக்குச் சேதி வரவில்லை, வரவில்லை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன், அது சும்மா இருக்கவில்லை, எனக்கு என்ன வேண்டுமோ அதைத் தானே செய்து, நெஞ்சில் ஒரு குளிர்ச்சியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. வாங்க ஆசைப்பட்டவன் மாட்டின் நொண்டலைப் பார்க்க மாட்டான், அதை வைத்துத்தானே நான் இத்தனை வருஷம் பேரம் பேசினேன், என் தலைக்குள்ளேயே ஒரு தரகுக்காரி உட்கார்ந்து எனக்கே மாடு விற்றிருக்கிறாள். சந்தை வாசலில் டீக்கடை வைத்திருந்த தம்பிக்கலைக்குக் கரும்பு மெஷினில் ஒரு கை முழங்கையோடு போய்விட்டது. போன பிறகும் அந்தக் கை அரிக்கிறது, உள்ளங்கையில் அரிக்கிறது என்பான். நான் ஒரு நாள் கிண்டலுக்கு, எங்கே காட்டு என்று அவன் வெறும் சட்டைக் கைக்குக் கீழே காற்றைச் சுரண்டினேன். அவன் கண்ணை மூடி, அங்கதான் அக்கா, இன்னுங் கொஞ்சம் கீழ என்றான். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை, அவனுக்கு அரிப்பு நின்றிருந்தது. அவனிடம் கை இல்லை, உணர்ச்சி இருந்தது. என்னிடம் கை இருக்கிறது. பயம் இப்போதுதான் வருகிறது, இது மட்டும் எந்த நரம்பிலும் தங்காமல் சரியான வேகத்தில் வருகிறது. ரெண்டு என்று எனக்குத் தெரிந்ததே பொய் என்றால் வேறு எதெல்லாம் பொய். என் வீட்டுக்காரர் நெற்றி சில்லென்று இருந்தது என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, அது நெற்றியா, நானா.

டாக்டர் வந்தார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார், சின்ன ஆபரேஷன், மணிக்கட்டில் அந்தச் சந்து வழியைத் திறந்துவிடலாம், நரம்பு மறுபடி உறை போட்டுக்கொள்ள மாதக் கணக்காகும், முழுக்கத் திரும்புமா என்று சொல்ல முடியாது, ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்றார். “தாமதம்னா எத்தன மாசம்?” “போன வருஷமே வந்திருக்கணும்.” போன வருஷம் எனக்கு ஒன்றும் இல்லையே என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. இந்த ஒரு நாளில் நான் முழுங்கின முதல் வார்த்தை அதுதான். அவர் போனதும் இடது கைக்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மெர்லின் வளையத்தை மாற்றினாள். ஐம்பத்து நாலு. மேடு மேடாக, கோடு துள்ளுகிறது. நடுவிரல் ஐம்பத்தைந்து. நான் எழுந்து தோளில் கிடந்த துண்டை எடுத்து எங்கள் இரண்டு பேர் கையின்மேலும் போட்டேன். “என்னம்மா இது?” “புடி. எத்தன விரல் வேணும்னாலும் புடி. ஆள்காட்டி விரல்ல இருந்து ஆரம்பி.” பிடித்தாள். தெரிந்தது, ஐயோ, எவ்வளவு தெரிந்தது, அவள் விரல் நுனியில் பசை காய்ந்து சொரசொரப்பாக இருந்தது வரைக்கும் தெரிந்தது. நாலு என்றேன். மூணு என்றாள். ரெண்டு என்றேன். மூணுதான் மறுபடியும் என்றாள். விரல் ஒழுங்காகச் சொல்கிறது, ஆனால் எதிராளி கை இந்தப் பக்கம் வேறு மாதிரி வந்து சுற்றுகிறது, தலை வலது கைக் கணக்கையே போட்டுக்கொண்டு தடுமாறுகிறது, இருபத்தாறு வருஷப் பழக்கம் ஒரு வாசல் வழியாகவே உள்ளே வந்து பழகிவிட்டது. இருக்கட்டும், புது வாசல் வெட்டு. மறுபடி. தப்பு. மறுபடி. “அம்மா, வெளிய எட்டுப் பேரு உட்கார்ந்திருக்காங்க.” “அவங்க எங்க போயிரப் போறாங்க, நீ புடி.” ஒண்ணு. சரி. நாலு. சரி. ரெண்டு. சரி. மூணு, ரெண்டு, அஞ்சு, ஒண்ணு, வரிசையாக ஏழு தடவை சரி, கடைசியில் அவள் பிடிக்காமல் சும்மா கையை வைத்துக்கொண்டிருந்தாள், இல்லை என்றேன், அதுவும் சரி. இடது கையைத் துண்டுக்குள்ளே விட்ட தரகர் எங்கள் சந்தையில் இதுவரை கிடையாது. இடது கையால் கயிற்றை நீட்டினாலே சாணியை நீட்டின மாதிரி முகத்தைத் திருப்புவார்கள். திருப்பட்டும். பொம்பளை கை கூடாது என்றவர்களும் அவர்கள்தானே, அப்புறம் வரிசையில் நின்று பிடித்தவர்களும் அவர்கள்தானே.

தாளைக் கையில் வாங்கிக்கொண்டு நடைக்கு வந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த எட்டுப் பேர், ஒருத்தர் கை நடுங்குகிறது, ஒருத்தர் காலில் கட்டுப்போட்டிருக்கிறது. நான் இங்கே வந்தது ஒரு ஜீவனுக்கும் தெரியாது. கிழித்து அந்தக் குப்பைக் கூடையில் போட்டால் முடிந்தது. வியாழக்கிழமை ரெண்டு என்று அடித்துச் சொன்னால் சங்கத்தில் பாதிப்பேர் என் பக்கம், என் வாய்க்குப் பயந்தே மீதிப்பேரும் வருவார்கள், செங்கோடன் இத்தனை வருஷம் நடந்த சந்தையை இனி வெளியே நின்று பார்ப்பார். கிழிக்க விரல் வேண்டுமல்லவா, வலது கை தாளைப் பிடித்திருக்கிறது, பிடித்திருப்பது பார்த்தால்தான் தெரிகிறது. தலைக்குள்ளே அந்தத் தரகுக்காரி ஆரம்பிக்கிறாள், நீ என்ன வேண்டுமென்றா பொய் சொன்னாய், உனக்கு ரெண்டு என்றுதானே தெரிந்தது, அது பொய் ஆகுமா, அவருக்கு என்ன, வேறு சந்தை இல்லையா. நல்ல பேச்சு. பல்லைத் தனியாகக் காட்டுகிறாள். ஏண்டி, என்கிட்டேயேவா. தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துவிட்டு, இடது கையால் போனில் ஒவ்வொரு எண்ணாக அமுக்கினேன். மூன்றாவது மணியில் செங்கோடன் எடுத்தார், பின்னால் லாரி சத்தம். “வேலாத்தா பேசறேன்.” “என்ன அம்மிணி, திட்டறதுக்கு இன்னும் மிச்சம் இருக்குதா?” “நீங்க புடிச்சது ஒண்ணுதானுங்ண்ணா.” “அதத்தான நானும் சொன்னேன். இன்னைக்கு எப்படித் தெரிஞ்சுது?” “என் சோத்துக்கை செத்துப்போச்சு. தொடாமயே தொட்டாப்புல தெரியுது. ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்துட்டாங்க.” “அடக் கருமமே” என்றார், அதில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை, மெதுவாகப் பேசினால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும், ஆகவே சத்தத்தைக் கூட்டினேன், அந்த எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். “வியாழக்கிழம சங்கத்துல வெச்சுச் சொல்லுவேன். திட்டினத விடச் சத்தமாச் சொல்லுவேன். உங்க கால்ல போட்ட துண்ட நானே எடுத்து உதறுவேன். ஆனா சந்தைய விட்டுப் போகமாட்டேன், பாத்துக்கங்க. பொய் சொன்னது என் கை, நானில்ல. அதே துண்டத் திருப்பிப் போட்டு இடது கைய உடுவேன். மொத ஆளா நீங்கதான் புடிக்கோணும்.” “இடது கையா?” “ஆமா.” “எவனாச்சும் புடிப்பானா அம்மிணி?” “எவன் புடிப்பான்னு நான் கேக்கல. நீங்க புடிப்பீங்களா?” லாரி நின்றுவிட்டது. எங்கேயோ ஒரு மாடு கத்தியது. ஐம்பது மீட்டர், இருபத்தொன்பது மீட்டர், ஒரு மனுஷனிடம் இருந்து இன்னொரு மனுஷனுக்கு எத்தனை மீட்டர், அதற்கு எந்த மெஷின், காத்திருக்கிறேன், பேரத்தில் முதலில் வாயைத் திறக்கிறவர் தோற்றார், வாயைத் திறக்காதே வேலாத்தா, பல்லைக் கடி, அவர் தொண்டையைச் செருமுகிறார், வெற்றிலைச் சாற்றைத் துப்புகிறார்.

“நல்லாச் சோப்புப் போட்டுக் கழுவிப்போட்டு வா” என்றார்.

“நீங்க நகத்த வெட்டிப்போட்டு வாங்க” என்றேன். “இந்தக் கைக்குத் தெரியும்.”